பெரிய சட்டியில் வாடிய எலுமிச்சை

சீனப் புத்தாண்டு முடிந்ததும் பல வீட்டு வாசல்களில் ஒரு கஸ்தூரி எலுமிச்சைச் செடி மிஞ்சி நிற்கும். தே ஓ ஐஸிலும் மீ கோரெங்கிலும் பிழிகிறோமே, அதே லீமாவ் கஸ்தூரிதான். அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் பெரிய பூச்சட்டி வாங்குவார்கள். நானும் வாங்கினேன். 20 செண்டிமீட்டர் சட்டியில் இருந்ததை 40 செண்டிமீட்டர் சட்டிக்கு மாற்றினேன். நீர் வடியட்டும் என்று அடியில் கூழாங்கற்களையும் பரப்பினேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தண்ணீர் போதவில்லை போலும் என்று இன்னும் ஊற்றினேன். செடி செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் பழுப்பாகக் குழைந்து, சாக்கடை வாடை அடித்தது.

ஈர மண்ணில் நின்றுகொண்டே ஒரு செடி எப்படி வாடும்?

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்து அது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் சிக்கல்தான். நீரில் உயிர்வளி பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மூச்சுத் திணறும் வேரால் நீரைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடும். ஈரத்தில் பெருகும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி அந்த வேரை அழுகவும் வைக்கும்.

சரி, அடியில் கல் போட்டும் நீர் ஏன் வடியவில்லை? பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், பிழியாமல் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் நீர் கொட்டும்! ஸ்பாஞ்சு அதேதான், மாறியது உயரம் மட்டுமே. நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் வரை அடியில் ஓர் ஈர அடுக்கு தங்கிவிடும். அதன் தடிமன் ஸ்பாஞ்சின் துளைகளைப் பொறுத்தது.

சட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. ஒரே மண்ணை நிரப்பினால், தட்டையான சட்டியிலும் உயரமான சட்டியிலும் ஈர அடுக்கு ஏறக்குறைய ஒரே தடிமன்தான். தட்டையான சட்டியில் அது பாதி மண்ணை விழுங்கிவிடும். கூழாங்கல் போட்டால் அந்த அடுக்கு மறையாது. கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்து வேரை நெருங்கும். கல்லுக்குப் பதிலாக மண்ணையே சற்றுக் கரடுமுரடாக்குங்கள். கருக்கிய உமியோ பெர்லைட்டோ கலக்கலாம். சட்டியின் உயரம் அதன் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ரொம்ப உயரமும் வேண்டாம், ஒரு புயல்மழைக்கே சாய்ந்துவிடும்.

அளவுக்கு வருவோம். சட்டியை உருளை என்று வைத்துக் கணக்கிடுங்கள். விட்டமும் உயரமும் 20 செண்டிமீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 6.3 லிட்டர். இரண்டையும் 40 ஆக்கினால் 50 லிட்டர், அதாவது 8 மடங்கு! அவ்வளவு மண்ணில் உள்ள நீரைச் சின்ன வேர்க்கட்டி குடித்துத் தீர்க்காது. 25 செண்டிமீட்டர் சட்டியே 12 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஒரு முறைக்கு அந்த 5 செண்டிமீட்டர் போதும். அடித்துளை வழியே வேர் எட்டிப்பார்க்கும்போது அடுத்த அளவுக்குப் போகலாம்.

மெருகு பூசாத மண்சட்டியின் சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும். அடிக்கடி தண்ணீர் ஊற்றிவிடுகிற கை என்றால் அதுவே நல்லது. பிளாஸ்டிக் இலேசானது, ஈரத்தை நீண்ட நேரம் வைத்திருக்கும். ஆனால் கறுப்புச் சட்டி மதிய வெயிலில் வேரைச் சுடும். எதுவானாலும் அடியில் துளை வேண்டும். துளையில்லாத அழகுச் சட்டியைத் தங்கை ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், துளையுள்ள சட்டியை அதற்குள் இறக்கி, தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். அடித்தட்டு நீரையும் விட்டுவைக்காதீர்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக்கொசுவாக ஒரு வாரமே போதும்.