சிஸ்டர் ஏன் சிடுசிடுக்கிறார்?

நெய்வேலிக்காரர்களுக்கு ஷிப்ட் என்றால் என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவிலும் ஓடும் ஊர். நைட் ஷிப்ட் முடிந்து அப்பா தூங்கினால் வீடே மெதுவாகத்தான் பேசும். "நிரந்தரமா, ஒப்பந்தமா?" என்ற கேள்வியும் இங்கே டீக்கடை வரை பழகிய ஒன்று. ஆனாலும் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு சிஸ்டர் சிடுசிடுத்தால், "சேவை மனப்பான்மையே இல்லை"ன்னு சொல்லிடறோம். மனப்பான்மைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, எண்ணிக்கை. லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும், அவர் வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15% கூடியது. உள்ளுக்குள் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23% கூடியது. அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7% கூடியது. ஏன் இப்படி? ஆள் குறைந்தால் ஊசியும் மாத்திரையும் எப்படியாவது நேரத்துக்குப் போய்விடும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, பயந்தவரிடம் இரண்டு நிமிடம் பேசுவது எல்லாம் விட்டுப்போகும். எதை விட்டோம்னு அந்த சிஸ்டருக்குத் தெரியும். உடல் அலுப்பை விட அதுதான் அதிகம் உறுத்தும்.

இரண்டாவது, பக்கத்தில் நிற்பவருடன் ஒப்பீடு. 2015இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தார்கள். அதே வார்டில், அதே சீருடையில், அதே வேலையைச் செய்த நிரந்தரச் செவிலியருக்குச் சம்பளம் சில மடங்கு அதிகம். 2017 நவம்பர் கடைசியில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000, 18,000 என்று உயர்ந்தது. ஆனால் கேட்டது தொகையை மட்டும் இல்லை, பணி நிரந்தரத்தையும்தான். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாதவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் என்ன செய்யும்?

அதனால் செவிலியர் திருப்தி என்பது அவர்கள் வீட்டுப் பிரச்சினை இல்லை. கட்டிலில் படுத்திருக்கும் நம் அம்மாவின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அடுத்த முறை வார்டுக்குப் போனால், சிஸ்டரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டில்களை எண்ணிப் பாருங்கள்.