புகையே ஊதும் துருத்தி

கொல்லன் உலைக்களத்தில் கரி எவ்வளவு குவிந்திருந்தாலும், துருத்தி ஊதாவிடில் இரும்பு பழுக்காது. நெருப்பின் வலிமை எரிபொருளின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அதற்குக் கிட்டும் காற்றின் அளவையும் பொறுத்தது. இவ்வுண்மையை நம் ஊர்க் கொல்லர்கள் இயற்பியல் நூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். மோட்டார் காரின் இயந்திரமும் ஓர் உலைக்களமே. அதற்கும் ஒரு துருத்தி உண்டு. டர்போசார்ஜர் என்பது அதன் பெயர். அத்துருத்தியை இயக்க ஆள் வேண்டுவதில்லை. உலையை விட்டு வெளியேறும் புகையே அதை இயக்குகின்றது. அத்துருத்தியைப் பற்றியும், பழைய ஜப்பானியக் கார் ஒன்றின் இயந்திரத்தில் அதை அமைப்பது எத்தகைய வேலை என்பது பற்றியும் மாணவ நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையில் விக்கிரவாண்டி இருக்கிறது. கும்பகோணத்திற்கும் தஞ்சாவூருக்கும் செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. இங்குள்ள சுங்கச்சாவடியில் நின்று புறப்படும் லாரிகளையும் பேருந்துகளையும் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். இயந்திரத்தின் உறுமலுக்கு மேலே மெல்லிய சீழ்க்கை ஒலி ஒன்று எழும். வேகம் கூடக்கூட அவ்வொலியும் கூர்மையாகும். அதுவே டர்போவின் குரல். கைக்குள் அடங்கும் இரண்டு சிறு சக்கரங்கள் ஒரே அச்சில் நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால் எழும் ஒலி அது.

துருத்தி ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் காண்போம். நம் நாட்டில் எல்லோரும் அறிந்த மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் சுசூகி நிறுவனத்தின் வடிவமைப்பில் உருவான இக்கார் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 2014ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. இதன் இயந்திரத்தில் மூன்று சிலிண்டர்கள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறைதான் மூச்சை உள்ளிழுக்கும். நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழன்றால் 3000 மூச்சுகள். அதாவது ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே ஒரு நிமிடத்தில் இவ்வியந்திரம் நன்கு எரிக்கக்கூடிய பெட்ரோல், மிகுதியாய்க் கணக்கிட்டாலும், 200 கிராமுக்குச் சற்றுக் குறைவே. அதற்குமேல் பெட்ரோலைக் கொட்டினால் புகை கூடுமே தவிர ஆற்றல் கூடாது. ஆற்றல் வேண்டுமானால் காற்று வேண்டும்.

காற்றை மிகுதியாக ஊட்ட எரிபொருளின் கழிவையே பயன்படுத்தலாம் என்று எண்ணியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. அவர் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலை எரித்துப் பெறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது; ஒரு பங்கு குளிர்நீர் வழியாகவும், ஒரு பங்கு புகைவழியாகவும் வீணாகின்றது. அப்புகை வெளியேறும் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதன் அச்சின் மறுமுனையில் மற்றொரு சக்கரத்தை வைத்தால் அது வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்திற்குள் தள்ளும். இதுவே டர்போவின் தத்துவம். 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் விமான இயந்திரம் ஒன்றை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு ஏற்றிச் சென்று, காற்று மெலிந்த அவ்விடத்திலும் டர்போவின் துணையால் அது வலிமை குன்றாமல் இயங்குவதை மெய்ப்பித்தார்.

இனி ஜப்பானுக்கு வருவோம். அந்நாட்டில் சிறு கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் 1976 முதல் 1990 வரை அவற்றின் இயந்திரக் கொள்ளளவு 550 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. உலையைப் பெரிதாக்க வழியில்லை. ஆதலால் பொறியாளர்கள் துருத்தியை நாடினர். 1987ஆம் ஆண்டில் சுசூகி நிறுவனம் ஆல்டோ ஒர்க்ஸ் என்னும் காரை வெளியிட்டது. நம் மாருதி 800 வண்டி 1986ஆம் ஆண்டில் வடிவம் மாறி வந்ததல்லவா? அந்த வடிவத்திற்கு மூலமான ஆல்டோ தலைமுறையைச் சேர்ந்ததே இந்த ஒர்க்ஸ். அதன் இயந்திரம் 543 கன சென்டிமீட்டர்தான். தந்த ஆற்றலோ 64 குதிரைத்திறன். அதைவிடப் பெரிய, 796 கன சென்டிமீட்டர் கொண்ட நம் மாருதியின் கார்புரேட்டர் இயந்திரம் தந்தது ஏறத்தாழ 39 குதிரைத்திறனே. தம்பி சிறியவன், ஆனால் அண்ணனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுமக்கிறான்.

இக்கணக்கைக் கேட்டதும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை எழுவது இயல்பு. வீட்டில் நிற்கும் பழைய மாருதியில் ஒரு டர்போவை வாங்கிப் பொருத்திவிட்டால் போதாதா என்று மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. போதாது என்பதே என் விடை. காரணத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமும் ஆகும்.

முதற்காரணம் வெப்பம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடேறும். நம் பக்கத்து வெயிலில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காக அழுத்தினால், நல்ல டர்போவிலும் அதன் வெப்பம் ஏறத்தாழ 90 டிகிரிக்கு உயரும். சூடான காற்று விரியும்; ஆகவே அழுத்தம் 50 விழுக்காடு கூடியும் காற்றின் எடை 27 விழுக்காடே கூடும். அதே காற்றை 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் எடை 43 விழுக்காடு கூடுகின்றது. இதற்காகவே டர்போவுக்கும் இயந்திரத்திற்கும் இடையில் இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானை வைக்கிறார்கள். ஆல்டோ ஒர்க்ஸிலும் அது இருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. சிலிண்டருக்குள் பொறி பட்டதும் பெட்ரோல் கலவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக எரிந்து செல்லவேண்டும்; வைக்கோல் போரில் ஒரு பக்கம் பற்றிய தீ மறுபக்கத்திற்குப் பரவுவதைப் போல. கலவை அளவுக்கு மீறிச் சூடாகவும் அழுத்தமாகவும் இருந்தால், தீ வந்து சேருமுன்பே எஞ்சிய பகுதி தானே வெடித்துவிடும். பட்டறைகளில் இதனை நாக்கிங் என்பர். சம்மட்டியால் அடிப்பது போன்ற அவ்வதிர்வு பிஸ்டனின் விளிம்பை உடைக்கும். அதன் உச்சியில் ஓட்டை விழச் செய்யும். எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல். அலுமினியமோ 660 டிகிரியில் உருகுவது. பிஸ்டன் உருகாமல் பிழைத்திருப்பது, அது பெறும் வெப்பத்தை ரிங்குகளும் எண்ணெயும் நொடிதோறும் கடத்திக்கொண்டே இருப்பதால்தான்.

டீசல் இயந்திரத்தில் இத்தொல்லை இல்லை. அது காற்றை மட்டுமே அழுத்துகின்றது. எரிபொருளைப் பின்னரே தெளிக்கின்றது. விக்கிரவாண்டி வழியே செல்லும் லாரிகளிலும் பேருந்துகளிலும் டர்போ இவ்வளவு பரவியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே பெட்ரோல் இயந்திரத்தை டர்போவுக்கு ஏற்றதாக அமைப்பவர் உள்ளிருந்து தொடங்கவேண்டும். முதலில் இயந்திரத்தை முழுதும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் தேய்மானத்தையும் அளக்கவேண்டும். வார்ப்புப் பிஸ்டன்களை நீக்கி, அடித்து உருவாக்கிய வலிய பிஸ்டன்களை இடவேண்டும். அவற்றின் வழியே அழுத்த விகிதத்தைக் குறைக்கவேண்டும். டொயோட்டா நிறுவனம் தன் 2ஜேஇசட் இயந்திரத்தின் டர்போ இல்லாத வகைக்கு 10க்கு 1 என்றும், டர்போ உள்ள வகைக்கு 8.5க்கு 1 என்றும் விகிதம் வைத்தது இக்காரணத்தாலேயே. ஹெட் கேஸ்கெட்டும் அதை இறுக்கும் போல்ட்டுகளும் புதிய அழுத்தத்தைத் தாங்கவேண்டும். டர்போவின் அச்சுக்குத் தனியே எண்ணெய்க் குழாய் வேண்டும். ரேடியேட்டர் பெரிதாகவேண்டும். கார்புரேட்டரின் இடத்தில், காற்றை அளந்து அதற்கேற்ப எரிபொருளைத் தெளிக்கும் மின்னணு அமைப்பு வரவேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் புகையை வேறு வழியாகத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் மடையும் வேண்டும். ஏரிக்கு மதகும் கலிங்கும் எப்படியோ, அப்படியே டர்போவுக்கு இந்த மடை.

எரிபொருளையும் மறக்கலாகாது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகின்றது. கரும்பு விளையும் நம் மாவட்டத்தார்க்கு, ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் கிடைப்பது தெரிந்த செய்தியே. எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கவல்லது. ஆவியாகும்போது காற்றைக் குளிர்விப்பதும் அதன் நற்குணம். ஆனால் லிட்டருக்கு லிட்டர் அது தரும் வெப்பம் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆகவே தெளிக்கும் அளவைக் கூட்டவேண்டும். பழைய காரின் ரப்பர்க் குழாய்களையும் எத்தனாலைத் தாங்குவனவாக மாற்றவேண்டும்.

நிசான் நிறுவனம் 1989ஆம் ஆண்டில் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கு அமைத்த இயந்திரம் இவ்வகையில் நல்ல பாடம். கொள்ளளவு 2568 கன சென்டிமீட்டர். ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். உடல் வார்ப்பிரும்பு, பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீச்சும் குழல்கள். விற்பனையின்போது குறித்த ஆற்றல் 280 குதிரைத்திறன். ஆனால் பந்தயத்திற்காகத் திருத்தியபோது அதைப்போல் இருமடங்கு ஆற்றலையும் அது தாங்கிற்று. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் இக்கார் கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் வென்றது. தாங்கும் வலிமையை முதலில் அமைத்துவிட்டு ஆற்றலைப் பின்னர் ஏற்றினர். அதுவே அவ்வெற்றியின் அடிப்படை.

ஆற்றல் கூடினால் வேகமும் அதே அளவு கூடும் என்று எண்ணுவது தவறு. மிகு வேகத்தில் காரைத் தடுப்பது பெரும்பாலும் காற்றே. அதை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்கின்றது. 39 குதிரைத்திறனை 64 ஆக்கினாலும் உச்ச வேகம் ஏறத்தாழ 18 விழுக்காடே கூடும். ஆனால் காரை நிறுத்த பிரேக் உறிஞ்சவேண்டிய ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டியை நிறுத்துவதைவிட 120 கிலோமீட்டரில் செல்வதை நிறுத்த இரண்டேகால் மடங்கு வேலை தேவை. சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இந்த இரண்டேகால் என்பது வெறும் எண்ணன்று, உயிர். இது கருதியே, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது.

அப்படியானால் ஆர்வமுள்ள மாணவன் என் செய்வது? அவனுக்கும் இடம் உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் இயந்திரத்தைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். நம் இளைஞர் பலர் குறைந்த செலவில் பந்தயம் பழக அது வழிவகுத்தது. அவர் பெயர் தாங்கிய கோவைப் பந்தயத்தடத்தில், கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்த கார்களோடு போட்டியிடும் ஃபார்முலா பாரத் நடைபெற்று வருகின்றது. இருங்காட்டுக்கோட்டையிலும் 1990 முதல் பந்தயத்தடம் உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. ஆய்வகத்தில் இயந்திரத்தைத் தாங்கியில் ஏற்றி, அளந்து, கணக்கிட்டு, உடைந்தால் ஏன் உடைந்தது என்று ஆராய்ந்து கற்கும் மாணவன், நெடுஞ்சாலையில் சீறிப் பாய்பவனைவிட மிகுதியாகவே டர்போவை அறிவான்.

ஊதுவது எளிது, ஊதப்பட்ட தீயைத் தாங்குவதே அரிது. நல்ல கொல்லன் துருத்தியில் கைவைக்குமுன் உலையின் சுவரைத் தட்டிப் பார்ப்பான். டர்போவைப் பொருத்த விரும்பும் மாணவனும் முதலில் கையில் எடுக்கவேண்டியது திருப்புளியன்று. அளவுகோலும் கணக்கேடுமே ஆகும்.