வியன்னாவா? புடாபெஸ்டா? ஐரோப்பிய விடுமுறைக்கு ஏற்ற தலைநகரம் எது?

ஒரு முறையாவது குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை இன்று நம்மவர் பலரிடம் இருக்கிறது. விமான டிக்கெட்டுக்கே பல ஆயிரம் வெள்ளி செலவாகும் என்பதால், பெரும்பாலோருக்கு அது பல ஆண்டுச் சேமிப்பில் கிடைக்கும் ஒரே பயணம். வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்வதாக இருந்தால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவும் வழியில்லை. எனவே, எந்த நகரம் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலரும் தடுமாறும் இரண்டு நகரங்கள் ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னாவும் ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்டும். 1867 முதல் 1918 வரை ஒரே பேரரசரின் கீழ் இருந்த இரட்டைத் தலைநகரங்கள் இவை. இரண்டும் டான்யூப் நதிக்கரையில் அமைந்தவை. ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்திற்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். இதனால் 'இரண்டும் ஒன்றுதானே' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல.

வியன்னாவின் பலம் என்ன?

வியன்னா, உள்ளே சென்று பார்க்க வேண்டிய நகரம். ஷோன்புருன் அரண்மனையில் மட்டும் 1,441 அறைகள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதிதான் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதற்கே அரை நாள் பிடிக்கும். 1762ஆம் ஆண்டு, ஆறு வயதுச் சிறுவனாக இருந்த மொசார்ட், பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில் இசைத்தது இங்குதான். அதே வளாகத்தில் இருக்கும் விலங்கியல் பூங்கா 1752இல் தொடங்கப்பட்டது. இன்றும் இயங்கிவரும் விலங்கியல் பூங்காக்களில் உலகிலேயே மிகப் பழமையானது அது.

பிள்ளைகளோடு செல்வோர் ஒரு சலுகையை அறிந்திருக்க வேண்டும். கலை வரலாற்று அரும்பொருளகம், அதற்கு எதிரே உள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகம் ஆகிய இரண்டிலும் 19 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு இது பெரிய சேமிப்பு.

இசை ரசிகர்களுக்கு 1869இல் திறக்கப்பட்ட அரசு இசை நாடக அரங்கம் இருக்கிறது. நின்றுகொண்டே பார்ப்பதற்குக் குறைந்த விலை டிக்கெட்டுகளும் உண்டு. ஆனால், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கு வழக்கமான நிகழ்ச்சிகள் இல்லை. இசைக்காகவே வியன்னா செல்ல விரும்புவோர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டான்யூப் நதியைப் பற்றிய ஸ்ட்ராஸின் புகழ்பெற்ற இசை 1867இல் வியன்னாவில்தான் அரங்கேறியது. அதை நம்பி நதியைத் தேடிப் போனால், பழைய நகரின் ஓரத்தில் ஒரு கால்வாய்தான் தெரியும். பெரிய நதி சற்றுத் தொலைவில் ஓடுகிறது.

புடாபெஸ்டின் பலம் என்ன?

நதி வேண்டும் என்பவர்களுக்குப் புடாபெஸ்டுதான். இங்கு டான்யூப், நகரின் நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் குன்றுகள் நிறைந்த புடா, மறுபக்கம் சமதளமான பெஸ்ட். இவையும் ஓபுடாவும் 1873இல் ஒன்றாக இணைந்ததால் உருவானதே இன்றைய புடாபெஸ்ட். 1849இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம், 96 மீட்டர் உயர நாடாளுமன்றக் கட்டடம், குன்றின் மேல் கோட்டை ஆகிய மூன்றும் இரவில் விளக்கொளியில் மின்னும் காட்சிக்குக் கட்டணமே இல்லை. பெஸ்ட் கரையோரமாகச் செல்லும் 2ஆம் எண் டிராமில் உட்கார்ந்தாலே போதும்.

அதே கரையில், நாடாளுமன்றத்திற்கு அருகில், இரும்பில் செய்த 60 ஜோடிக் காலணிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. 1944, 1945ஆம் ஆண்டுகளில் யூதர்கள் அந்த நதிக்கரையில் நிறுத்தப்பட்டு, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் நினைவாக 2005இல் அமைக்கப்பட்ட சின்னம் அது. வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலைவிடவும் அது அதிகம் கற்றுத் தரும்.

புடாபெஸ்டின் தனிச் சிறப்பு வெந்நீர்க் குளியல். 1913இல் திறக்கப்பட்ட செச்செனி குளியலகத்தில், ஆயிரம் மீட்டருக்கும் ஆழத்திலிருந்து வரும் சுடுநீரைப் பதமாக ஆற்றிக் குளங்களில் விடுகிறார்கள். குளிர்காலத்தில் திறந்தவெளியில், ஆவி பறக்கும் நீரில் அமர்ந்திருப்பது மறக்க முடியாத அனுபவம். இருப்பினும், இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கான வயது வரம்பையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பயண நூல்களில் பெரிதாகப் பேசப்படும் கெல்லெர்ட் குளியலகம், சீரமைப்புப் பணிக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

செலவும் சாப்பாடும்

பொதுவாக, தங்குமிடத்திற்கும் சாப்பாட்டிற்கும் வியன்னாவைவிடப் புடாபெஸ்டில் செலவு குறைவு. ஆனால், எல்லாமே மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்குக் கட்டணம் அதிகம். டிக்கெட்டையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வியன்னாவில் யூரோ, புடாபெஸ்டில் ஃபோரிண்ட். பணம் எடுக்கும் இயந்திரம், 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதே லாபம்.

வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரங்காடிகள் அநேகமாக மூடியிருக்கும். சமையல் வசதியுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் சனிக்கிழமையே அரிசி, பால், காய்கறி வாங்கி வைத்துவிட வேண்டும். புடாபெஸ்டில் அந்தச் சிக்கல் குறைவு. வியன்னாவில் குடிநீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 1873 முதல் மலை ஊற்று நீர்தான் அங்கு குழாயில் வருகிறது.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இரு ஊரிலும் விழிப்போடு இருக்க வேண்டும். ஹங்கேரியின் குலாஷ் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்யப்படுவது. வியன்னாவின் புகழ்பெற்ற ஷ்னிட்செல் கன்றுக்குட்டி இறைச்சியில் ஆனது. சைவ உணவினருக்கு, வியன்னாவில் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே, புடாபெஸ்டில் எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டி ஆகியவை கைகொடுக்கும். ஆனாலும், இறைச்சித் துண்டு எதுவும் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு எது வசதி?

வியன்னாவின் மையப் பகுதி ஏறக்குறைய சமதளம். சுரங்க ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. புடாபெஸ்டில் 1896இல் தொடங்கிய முதல் தடம், ஐரோப்பியப் பெருநிலத்திலேயே முதல் சுரங்க ரயில் என்ற பெருமை உடையது. ஆனால், அதன் நிலையங்களில் பெரும்பாலும் படிகளில்தான் இறங்க வேண்டும். கோட்டைக் குன்றின் கல் பதித்த பாதைகளும் முதியவர்களுக்குச் சிரமம் தரும். மேலே செல்ல 16ஆம் எண் பேருந்து இருப்பதை மறக்க வேண்டாம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் செல்வோர், இரு நகரங்களிலும் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். டிசம்பர் 24 பிற்பகலுக்குப் பிறகு கடைகள் அநேகமாக மூடப்பட்டுவிடும்.

இரண்டையும் பார்த்துவிட்டால் என்ன?

எட்டு நாள்களுக்கு மேல் இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம். வியன்னாவில் இறங்கி, ரயிலில் புடாபெஸ்ட் சென்று, அங்கிருந்தே திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் அலைச்சல் மிச்சம். நான்கு, ஐந்து நாள்களே கையில் இருந்தால், பெட்டி கட்டுவதிலும் அறை மாற்றுவதிலும் ஒரு நாள் போய்விடும். அப்போது ஒரே ஊரில் தங்குவதே சிறந்தது.

இரண்டுமே ஷெங்கன் நாடுகள். மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உடையோருக்குக் குறுகியகாலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்துள்ள புதிய முறைப்படி, குடிநுழைவில் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். இந்தியக் கடப்பிதழ் உடையோருக்கு விசா தேவை; எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆக, தீர்ப்பு என்ன? சிறு பிள்ளைகளும் மூட்டு வலியுள்ள பெரியவர்களும் உடன் வந்தால் வியன்னா. இளம் தம்பதியர், நண்பர்கள், கையைக் கடிக்காத செலவை விரும்புவோர் ஆகியோருக்குப் புடாபெஸ்ட். படத்தில் எந்த ஊர் அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், உடன் வருபவர்கள் ஒவ்வொருவரிடமும், 'அங்கே போய் ஒரு நாள் முழுக்க என்ன செய்ய ஆசை?' என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் சொல்லும் பதிலை முதலில் கேளுங்கள். அவர்களுக்காகவும்தானே இந்தப் பயணம்.