மின்சார ஸ்கூட்டர் வாங்குமுன்

காரைக்கால் பிராந்தியத்தின் மீனவர் கிராமமாகிய பட்டினச்சேரியிலிருந்து காரைக்காலுக்கோ நாகப்பட்டினத்துக்கோ தினந்தோறும் வேலைக்குப் போய்வருகிற ஒருவர் மின்சார ஸ்கூட்டர் வாங்க உத்தேசித்தால், நிறத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன் சட்டத்தை விசாரிப்பதே உத்தமம். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்படாத எடை குறைந்த வண்டிக்கு மட்டுமே பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. அதற்கு மிஞ்சியவற்றுக்கு அவ்விரண்டோடு காப்பீடும், பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாக ‘பி.ஒய். 02’ என்று தொடங்கும் எண்ணும் அவசியம். ‘பதிவு வேண்டாத வண்டிதான், வேகத்தை மட்டும் கூட்டித் தருகிறோம்’ என்று ஆசை காட்டுவோரிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கூட்டிய மறுகணமே அந்தச் சலுகை போய்விடும்.

விளம்பரம் கூறும் தூரம் சோதனைக்கூடத்துக் கணக்கு. இருவர் ஏறி எதிர்காற்றில் போனால் அது குறையுமாதலால், தினசரிப் பிரயாணத்தைப் போல் இருமடங்கு ஓடுவதே சௌகரியம். 2022-இல் வண்டிகள் சில தீப்பற்றியபின் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 பாட்டரி விதிக்கு உட்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரில் சார்ஜ் முனையின் செப்பில் களிம்பு ஏறுமாதலால், இறுக மூடும் மூடியும், பழுது பார்க்கும் நிலையம் அருகிலிருப்பதும் விலைக்குறைவைவிடப் பிரதானம்.