கேட்டார்கள், ஆனால் கேட்கவில்லை

2005-ல் ஆன்சைட் வேலையாகச் சில மாதங்கள் பாஸ்டனில் இருந்தேன். எங்கள் டீமில் ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவர். வியாழக்கிழமை வந்தால் "இன்னிக்கு ராத்திரி எனக்கு ஷிப்ட் இருக்கு" என்று சீக்கிரம் கிளம்பிவிடுவார். ரெண்டாவது வேலை ஏதோ பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஷிப்ட் ஒரு தேவாலயத்தில்! மூடப்போவதாக அறிவித்த தேவாலயத்தை யாரும் பூட்டிவிடக் கூடாது என்று, அந்த ஊர் மக்கள் இரவு பகலாக முறை வைத்து உள்ளேயே இருந்தார்கள்.

"உங்களைக் கேட்காமலா மூடுறாங்க?" என்றேன். "கேள்வியெல்லாம் கேட்டாங்க. நாங்க சொன்னதைத்தான் கேக்கலை" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஆங்கிலத்தில் அது இரண்டு வேறு சொற்கள். தமிழில் வினா எழுப்புவதும் 'கேட்பது', காது கொடுப்பதும் 'கேட்பது'. இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றியது. நான் கத்தோலிக்கன் இல்லை. அந்தப் பதில் மனதில் தங்கிவிட்டதால் பல வருஷமாகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

பங்கு என்றால் என்ன?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்வது கட்டடத்தை அல்ல. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத்தின் 515-வது பிரிவு, பங்கு என்பது நம்பிக்கையாளர்களின் ஒரு குழுமம் என்கிறது. அதைக் கவனித்துக்கொள்ளப் பங்குத்தந்தை ஒருவர் இருப்பார். பல பங்குகள் சேர்ந்தது ஆயரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டம்.

பங்கைத் தொடங்குவது, மாற்றுவது, இல்லாமல் ஆக்குவது எல்லாம் ஆயரின் அதிகாரம். ஆனால் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்காமல் அவர் அதைச் செய்ய முடியாது. நம்மூரில் ஒரு பெரிய பங்கிலிருந்து கிளைக் கிராமத்தைப் பிரித்துத் தனிப் பங்காக்கும்போதும் இதே சட்டம்தான்.

சரி, பங்கு மக்கள்? 50-வது பிரிவு, ஆணை பிறப்பிக்கும் முன் தேவையான தகவல்களைத் திரட்ட வேண்டும், யாருடைய உரிமை பாதிக்கப்படலாமோ அவர்களையும் இயன்றவரை கேட்க வேண்டும் என்கிறது. 51-வது பிரிவு, முடிவை எழுத்தில், காரணத்தைச் சுருக்கமாகவாவது சொல்லித் தர வேண்டும் என்கிறது. 212-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், திருச்சபையின் நன்மை குறித்துத் தங்கள் கருத்தைச் சொல்வது மக்களின் உரிமை, சில சமயம் கடமையும்கூட என்கிறது.

கவனிக்க: இது ஓட்டெடுப்பு இல்லை. முடிவு ஆயருடையதுதான். அதே சமயம் வெறும் சடங்கும் இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது.

பாஸ்டன்: கேள்வியிலேயே இருந்த கோளாறு

2002-ல் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் குருக்களின் பாலியல் குற்றங்கள் மறைக்கப்பட்டது அம்பலமானது. 2003-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷமே பங்குகளைக் குறைக்கும் திட்டம் வந்தது. அப்போது மொத்தம் 357 பங்குகள். திருப்பலிக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், குருக்கள் குறைவு, பழைய கட்டடங்களின் செலவு தாங்கவில்லை என்று நிர்வாகம் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. ஆனால் நம்பிக்கை ஏற்கனவே போய்விட்டது. இழப்பீட்டுக்காகத்தான் நிலத்தை விற்கிறார்கள் என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். நிர்வாகம் அதை மறுத்தது.

மக்களிடம் கருத்தும் கேட்டார்கள். எப்படி? அக்கம்பக்கத்துப் பங்குகளைக் குழுக்களாகச் சேர்த்து, தங்களுக்குள் எதை மூடலாம் என்று பரிந்துரைக்கச் சொன்னார்கள். 2004 மே மாதம் 65 பங்குகளை மூடும் அறிவிப்பு வந்தது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பழைய உள் மென்பொருள் ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. தேதியை முதலில் குறித்துவிட்டு, "இதில் எந்த ஸ்கிரீன் தேவையில்லை?" என்று எல்லா டிபார்ட்மென்டுக்கும் ஒரு பாரம் அனுப்பினோம். அத்தனை பேரும் பக்கத்து டிபார்ட்மென்டின் ஸ்கிரீனைத்தான் டிக் பண்ணினார்கள். தன்னுடையதை யார் டிக் பண்ணுவார்? பாரம் நூறு சதவீதம் நிரம்பி வந்தது, எங்களுக்குத் தெரிய வேண்டிய எதுவும் அதில் இல்லை. அந்த பாரத்தைத் தயாரித்தவன் நான்தான்.

பாஸ்டன் கேள்வியும் இதே ஜாதி. "யாரை மூடலாம்?" என்று கேட்டால் அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டியதுதான். "இங்கே யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், இது இல்லையென்றால் எங்கே போவார்கள்?" என்பதற்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

விளைவு என்ன? வேமத் என்ற ஊரின் புனித பெரிய ஆல்பர்ட் தேவாலயத்தில் 2004 ஆகஸ்டில் மக்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். மறு ஆண்டே அது மீண்டும் பங்கானது. சிச்சுவெட் என்ற கடலோர ஊரின் புனித பிரான்சஸ் சேவியர் கப்ரினி தேவாலயத்தில் 2004 அக்டோபரில் உட்கார்ந்தவர்கள் எழுந்தது 2016 மே மாதம்! பதினோரு ஆண்டுகளுக்கு மேல். ரோமில் முறையிட்டுத் தோற்றார்கள், அமெரிக்க உச்சநீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. கடைசியில் சொன்ன வாக்குப்படி வெளியேறினார்கள்.

கிளீவ்லாந்து: ரோம் திருப்பி அனுப்பியது

கிளீவ்லாந்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. பாஸ்டன் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த ரிச்சர்ட் லெனன் பிறகு கிளீவ்லாந்து ஆயரானார். 2009, 2010-ல் அங்கே சுமார் 50 தேவாலயங்கள் மூடப்பட்டன. புனித கசிமிர் தேவாலயத்தின் போலந்து வம்சாவளி மக்கள் ஒவ்வொரு ஞாயிறும் பூட்டிய வேலிக்கு வெளியே, நடைபாதையில் நின்று ஜெபித்தார்கள். பனியிலும் விடவில்லை.

மேல்முறையீட்டுக்குக் கெடு மிகக் குறைவு. ஆணை கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் ஆயரிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். அவர் மறுத்தால் 15 நாளுக்குள் ரோமுக்குப் போக வேண்டும். விடாமல் போனார்கள். 2012 மார்ச்சில் 13 பங்குகளின் விஷயத்தில் ஆயரின் முடிவு செல்லாது என்று வத்திக்கான் சொன்னது. குருக்கள் மன்றத்தை முறைப்படி கேட்கவில்லை என்பது காரணங்களில் ஒன்று. அந்த ஜூலையில் புனித கசிமிர் மீண்டும் திறந்தது.

2020-ல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை இன்னும் தெளிவாக்கியது. மறைமாவட்டத்தில் குருக்கள் குறைவு, பொதுவாகப் பணமில்லை என்பதெல்லாம் ஒரு குறிப்பிட்ட பங்கை ஒழிக்கப் போதுமான காரணங்கள் அல்ல. காரணம் அந்தப் பங்கோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு பங்காகப் போய்ப் பார்க்காமல், கேட்காமல் காரணம் சொல்லவே முடியாது.

அப்படியானால் எப்படிக் கேட்பது?

பாஸ்டனே 2012-ல் வேறு வழிக்கு வந்தது. அப்போது இருந்த 288 பங்குகளை மூடாமல், ஒவ்வொன்றும் தன் பெயரோடும் கணக்கோடும் இருக்க, சுமார் 135 கூட்டுகளாகச் சேர்த்து, ஒரே பங்குத்தந்தையும் பணிக்குழுவும் பல பங்குகளைக் கவனிக்கும் திட்டம். முதலில் ஒரு வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, திருத்திய பிறகுதான் அங்கீகரித்தார்கள். எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைவு மாறியது.

என்னைக் கேட்டால் சோதனை அது ஒன்றுதான். மக்களிடம் கேட்ட பிறகு திட்டத்தில் ஏதாவது மாறியதா? மாறவில்லையென்றால், ஏன் மாறவில்லை என்று அவர்களுக்குச் சொன்னார்களா? ரெண்டுக்கும் 'இல்லை' என்றால், நூறு கூட்டம் போட்டிருந்தாலும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சிச்சுவெட் மக்கள் தோற்றார்கள். சட்டப்படி ஆயர் பக்கம்தான் அதிகாரம். குருக்கள் குறைவு என்பதும் நிஜம். எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் சில பங்குகள் மூடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் காது கொடுத்துக் கேட்ட பிறகு மூடினால் அந்த மக்கள் வருத்தத்தோடு பக்கத்துத் தேவாலயத்துக்குப் போவார்கள். கேட்காமல் மூடினால் எங்கேயும் போகாமலே நின்றுவிடுவார்கள். என் நண்பர் அப்படித்தான் நின்றுவிட்டார்.