கிலோ ஓ.கே... லட்சம் எப்படி பாஸ்?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட். காலை எட்டு மணி. காலேஜ் பஸ் இன்னும் வரலை. கையில டீ கிளாஸ், கடையில தொங்குற பேப்பர் மேல ஒரு கண்ணு. 'ரயிலில் கடத்திய 10 கிலோ கஞ்சா பறிமுதல்... மதிப்பு 1 லட்சம் ரூபாய்!' பக்கத்துலயே இன்னொரு பேப்பர். அதே ரயில், அதே 10 கிலோ. ஆனா மதிப்பு மட்டும் 5 லட்சம்!

இந்த சீன் கற்பனைதான். ஆனா இந்த மாதிரி நியூஸ் படிச்சுட்டு, 'இதுக்கு எந்தக் கடையில பில் போட்டாங்க?'ன்னு ஒரு தடவையாவது நீங்க யோசிச்சிருப்பீங்க. எடை போடத் தராசு இருக்கு. விலை போட என்ன இருக்கு?

நம்ம ஏரியா ஏன் நியூஸ்ல வருது?

முதல்ல மேப்பைப் பாருங்க. தமிழ்நாட்டுல பிடிபடுற கஞ்சாவுல பெரும்பகுதி ஆந்திரா-ஒடிசா எல்லையில இருக்கிற மலைப்பகுதியிலேர்ந்து வருது. சென்னையைத் தாண்டித் தெற்கே வந்தா திண்டிவனத்துல ரோடு பிரியும். ஒண்ணு புதுச்சேரிக்கு, ஒண்ணு விழுப்புரம் வழியா திருச்சிக்கு, ஒண்ணு செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு. விழுப்புரம் ஜங்ஷன்ல தண்டவாளமே அஞ்சு பக்கம் போகுது. ஹவுரா, புவனேஸ்வர்லேர்ந்து புதுச்சேரி போற ரயில்கூட விழுப்புரத்தைத் தொட்டுத்தான் ஆகணும். அப்போ சோதனையும் இங்கே அதிகமாத்தானே இருக்கும்? 2021 டிசம்பர்ல தமிழக போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை'ன்னு மாநிலம் பூரா ரெய்டு ஆரம்பிச்சதிலேர்ந்து இந்த மாதிரி செய்திகள் இன்னும் ஜாஸ்தி.

ஒரு கிலோ... மூணு விலை!

தங்கத்துக்குத் தினமும் ரேட் போர்டு உண்டு. தக்காளிக்குக் கோயம்பேடு ரேட் உண்டு. கஞ்சாவுக்கு? திருட்டு வியாபாரத்துல ஏது பில், ஏது போர்டு! பிடிபட்டவங்க வாக்குமூலம், பழைய கேஸ்கள், இன்ஃபார்மர் சொல்ற தகவல்... இதை வெச்சு ஒரு கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட்டை எடுத்துக்கிட்டு எடையால பெருக்க வேண்டியதுதான். கணக்கு சிம்பிள். எந்த ரேட்டை எடுக்கிறதுங்கிறதுலதான் விளையாட்டே இருக்கு.

ஒரு கிலோ சரக்கு மலையடிவாரத்துல ஒரு விலை. நம்ம ஊர் மொத்த வியாபாரி கைக்கு வரும்போது அது பல மடங்கு. பத்து கிராம் பொட்டலமாக் கட்டி தெருவுல வித்தா இன்னும் பல மடங்கு. புரியறதுக்காகச் சும்மா ஒரு கணக்குப் போடுவோம்... இது நிஜ ரேட் இல்லை. கிலோவுக்கு மலையடிவாரத்துல 2 ரூபாய், மொத்த விலை 10 ரூபாய், பொட்டலமா வித்தா 50 ரூபாய்னு வெச்சுக்குங்க. அப்போ 10 கிலோவோட மதிப்பு என்ன? 20 ரூபாயா, 100 ரூபாயா, 500 ரூபாயா? மூணுமே தப்பில்லை! பிரெஸ் நோட்டுல எதைப் போட்டா தலைப்பு பெருசா வரும்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, அதே சரக்கு கடல் தாண்டி இலங்கைக்குப் போனா அங்கே வேற விலை. அங்கே அதுக்குப் பேரே 'கேரள கஞ்சா'! இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் ஐ.நா.வோட போதைப் பொருள் தடுப்பு அலுவலகம், நாடுகள்கிட்ட விலை கேட்கும்போது மொத்த விலை தனி, சில்லறை விலை தனின்னு வாங்குது.

கொச்சியில நடந்த மேஜிக்!

கஞ்சா மட்டுமில்லை, எல்லா சரக்குக்கும் இதே கதைதான். 2023 மே மாசம் இந்தியக் கடற்படையும் போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவும் சேர்ந்து கடல்ல பிடிச்ச மெத்தாம்ஃபெட்டமின் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. சுமார் 2,500 கிலோ, மதிப்பு 12,000 கோடின்னு முதல்ல சொன்னாங்க. ரெண்டு நாள்ல எடை போட்டு முடிச்சதும் 25,000 கோடி ஆயிடுச்சு! எடை கிட்டத்தட்ட அதேதான். மாறினது கிலோவுக்குப் போட்ட ரேட்.

கோர்ட்டுல செல்லாத லட்சம்

இப்போ நிஜமான ட்விஸ்ட். அந்த லட்சத்துக்கும் தண்டனைக்கும் சம்பந்தமே இல்லை! 1985-ல வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா கேஸ்ல ரூபாயைப் பார்க்கிறதே இல்லை. எடையைத்தான் பார்க்குது. கணக்கு இதுதான்: 1 கிலோ வரை 'சிறிய அளவு', ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டுமே. 20 கிலோவைத் தாண்டினா 'வணிக அளவு', குறைஞ்சது 10 வருஷம், அதிகபட்சம் 20 வருஷம், கூடவே குறைஞ்சது 1 லட்சம் அபராதம். ஜாமீன் கிடைக்கிறதும் ரொம்பக் கஷ்டம். நடுவுல இருக்கிறதுக்கு 10 வருஷம் வரை.

அதனால கோர்ட்டுல வக்கீல்கள் சண்டை போடுறது எடையை வெச்சுத்தான். சட்டப்படி கஞ்சான்னா பூ, காயோட கூடிய நுனிப் பகுதி. அந்த நுனி இல்லாம வெறும் விதையும் இலையும் மட்டும் இருந்தா கணக்குல வராது. மூட்டையில 22 கிலோ இருக்கு, அதுல எவ்வளவு தனி இலை, எவ்வளவு விதை? ஈரமா இருக்கும்போது எடை போட்டாங்களா, காய்ஞ்சப்புறமா? 20 கிலோவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிறதுல ஒருத்தரோட பத்து வருஷம் தொங்குது! அதனாலதான் 2022-ல வந்த விதிகள்படி, மாஜிஸ்திரேட் முன்னாடி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும். பேப்பர்ல வந்த லட்சத்தை இப்படி யாராவது சரிபார்க்கிறாங்களா? ஊஹூம்!

போன வருஷம் இத்தனை கோடி, இந்த வருஷம் இத்தனை கோடின்னு சொன்னா, கடத்தல் கூடிச்சா, இல்லை ரேட்டைக் கூட்டிப் போட்டாங்களான்னு எப்படித் தெரியும்? கிலோவை ஒப்பிட்டாத்தான் விஷயம் விளங்கும்.

'இந்தப் பையைக் கொஞ்சம் பிடி மச்சி!'

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேட்கிறீங்களா? இருக்கு. 'லட்ச ரூபாய் சரக்கு'ன்னு படிக்கும்போது, இது ஏதோ பெரிய டான் சமாச்சாரம்னு தோணும். ஆனா ரயில்லயும் பஸ்லயும் மாட்டுறது பெரும்பாலும் பையைச் சுமக்கிற ஆள்தான். 'விழுப்புரத்துல இறங்கி இந்தப் பையைக் கொடுத்துடு, செலவுக்குப் பணம் தர்றேன்'னு ஒருத்தர் நீட்டினா, உங்களுக்குக் கிடைக்கப் போறது என்னமோ சில ஆயிரம்தான். கேஸ் மட்டும் முழு மூட்டைக்கும்! 'உள்ளே என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது சார்'னு சொன்னாலும், தெரிஞ்சுதான் வெச்சிருந்தீங்கன்னு கோர்ட் முதல்ல எடுத்துக்கும். தெரியாதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். எடுத்துட்டுப் போன பைக்கும் பறிபோகலாம்.

ஃப்ரெண்டு யாராவது இந்தப் பழக்கத்துல மாட்டியிருந்தா, அதுக்கும் சட்டத்துல ஒரு கதவு இருக்கு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாவே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா, சிறிய அளவு கேஸ்ல வழக்கிலேர்ந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில விட்டா அந்த விலக்கு போயிடலாம். எங்கே போறதுன்னு தெரியலையா? 14446-க்கு ஒரு கால் போடுங்க, கட்டணமே கிடையாது.

அடுத்த தடவை டீக்கடையில 'மதிப்பு இத்தனை லட்சம்'னு படிச்சா, ரெண்டே கேள்வி கேளுங்க. எந்த ஊர் ரேட்? எத்தனை கிலோ? முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ரெண்டாவதுக்குக் கிடைக்கும். ஜெயில் கணக்கு அதுலதான் இருக்கு!