பெரட்டுக்களமும் மடல்வரிசையும்: சந்தாதாரர்க்குத் தானே செல்லும் மின்னஞ்சல்

நெகிரி செம்பிலானின் இரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டு நடைபெறும். கிராணியார் பெயர்களை வாசிப்பார்; வந்தவர் பெயருக்கு நேரே குறி விழும்; இன்னாருக்கு இன்ன நிரை என்று வேலை பகிரப்படும். மழை பெய்தால் மரம் சீவுதல் இல்லை. பால் மழைநீரோடு கலந்து வீணாகும். இக்காட்சியை நேரிற் கண்டவர்க்கும், பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டவர்க்கும், நாம் இங்கு விளக்க எடுத்துக்கொண்ட பொருள் முற்றிலும் புதியதன்று. பெயர்ப்பட்டியல், நேரம், நிபந்தனை, செயல் ஆகிய நான்கும் பெரட்டில் இருந்தன. சந்தாதாரர்க்குத் தானே செல்லும் மின்னஞ்சல் வரிசையும் இந்நான்கினால் ஆனதே.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். விடை நம் இதழ்களின் வரலாற்றில் இருக்கிறது.

முகவரின் நினைவு

1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கியது; 1935இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கியது. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 'சங்கமணி' என்னும் தமிழ் இதழை நடத்தியது. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் போன்ற வட்டாரங்களின் தோட்டங்களில், ஒருவர் வாங்கிய தாளை மற்றொருவர் லயத்து வாசலில் உரக்க வாசிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம். சந்தா ஒருவருடையது, வாசிப்பு ஊருடையது.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றவர் முகவர். எந்த வீட்டில் எவர் படிப்பார், எவருக்குச் சம்பள நாளுக்குப் பின்தான் பணம் கேட்க வேண்டும், எந்த வீட்டில் துக்கம் நேர்ந்திருக்கிறது என்பன அவருக்குத் தெரியும். அந்த அறிவு ஏட்டில் எழுதப்படாதது.

பின்னர் இரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. லாபு, நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சிரம்பானுக்கும் செனவாங்கிற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பெயர்ந்தனர். லயம் கலைந்தபோது முகவரின் வழியும் அற்றது. 2019இல் 'தமிழ் நேசன்' நின்றுபோனது. ஓர் இதழ் நிற்பதற்குக் காரணங்கள் பல; எனினும், வாசகர் எங்கே இருக்கிறார் என்பதை அறிந்து தொடர்ந்து அவரிடம் பேசும் வழி இல்லாத இதழ் நெடுநாள் நிற்பதரிது என்பதில் ஐயமில்லை.

இன்று ஒரு சிறுவர் இதழையோ, பள்ளி ஆண்டு மலரையோ, சிறு பதிப்பகத்தையோ நடத்துவோர் இரண்டு மூன்று பேரே. ஐந்நூறு வாசகரின் சந்தா எப்போது முடிகிறது என்று அவர்களால் நினைவில் வைத்திருக்க இயலாது. முகவரின் நினைவில் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். எந்தப் பகுதியை ஒப்படைப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்பதே ஆராயத்தக்க வினா.

நான்கு உறுப்புகள்

தானியங்கி மடல்வரிசையின் முதல் உறுப்பு தூண்டல். ஒருவர் படிவம் நிரப்புதல், பணம் செலுத்துதல், சந்தா முடிய முப்பது நாள் எஞ்சுதல் என்று ஏதேனும் ஒரு நிகழ்ச்சி வரிசையைத் தொடங்கிவைக்கும். இரண்டாவது காத்திருப்பு: அடுத்த மடலுக்கு முன் கழிய வேண்டிய காலம். மூன்றாவது நிபந்தனை: புதுப்பித்தாரா, இல்லையா என்று வழி பிரியும் இடம். நான்காவது செயல்: மடல் அனுப்புதல், குறிப்பெழுதுதல், அல்லது பொறுப்பாளர் ஒருவருக்குத் தெரிவித்தல்.

சிரம்பான் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் ஒரு காலாண்டிதழ் நடத்துவதாகக் கொள்வோம். அவர்களுக்குரிய வரிசை இவ்வாறு அமையலாம்.

வாசகர் படிவம் நிரப்பியவுடன் உறுதிப்படுத்தும் மடல் ஒன்று செல்லும். அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பின்னரே பெயர் பட்டியலில் ஏறும்; பிறர் முகவரியை வேறொருவர் தந்துவிடும் பிழை இதனால் தடுக்கப்படும். உறுதி செய்த அன்றே வரவேற்பு மடல்: இதழ் எப்போது வரும், யார் நடத்துகிறார்கள், விலகுவது எப்படி. மூன்றாம் நாள், பழைய இதழிலிருந்து ஒரு நல்ல கட்டுரை. பத்தாம் நாள் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் எந்தத் தோட்டத்தில் படித்தீர்கள்? இதற்கு விடையளித்தவருக்கு அவர் வட்டாரச் செய்தி கிடைக்கும். அளிக்காதவருக்குப் பொதுச் செய்தி செல்லும். சந்தா முடிய முப்பது நாள் இருக்கும்போது முதல் நினைவூட்டலும், ஏழு நாள் இருக்கும்போது இரண்டாவதும் செல்லும். புதுப்பித்தவுடன் நினைவூட்டல் நிற்க வேண்டும். பணம் கட்டிய மறுநாள் பணம் கேட்கும் மடலைப் போல் வாசகரை வருத்துவது பிறிதில்லை.

இவ்வரிசையைக் கணினியில் அமைப்பதற்கு முன் தாளில் வரைந்து பார்த்தல் நன்று. ஒவ்வொரு கிளையும் எங்கே முடிகிறது என்று காட்ட இயலாவிடின் வரிசை முழுமை பெறவில்லை எனக் கொள்க.

இசைவும் சட்டமும்

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. வணிகத் தொடர்பான செயல்களில் ஒருவரது விவரத்தைப் பெறுவோர், எதற்காகப் பெறுகிறோம் என்று அவருக்கு அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். தமிழ் வாசகர்க்குத் தமிழிலும் சேர்த்துத் தருவது நம் கடமை. அச்சட்டத்தின் 43ஆம் பிரிவு, நேரடி விற்பனைக்காகத் தம் விவரத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்து வாயிலாகக் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது.

ஆகவே பள்ளி விழாவின் வருகைப்பதிவேட்டிலிருந்து முகவரிகளைப் படியெடுத்துச் சந்தா மடல் அனுப்புதல் முறையன்று. விழாவுக்கு வந்தவர் விழாவுக்கே வந்தார், சந்தாவுக்கு இசையவில்லை.

அஞ்சல் நிறுவனங்களும் விதிகளை இறுக்கியுள்ளன. 2024ஆம் ஆண்டு முதல் ஜிமெயில், யாகூ ஆகியவை பெருந்தொகையாக மடல் அனுப்புவோரிடம் மூன்றை எதிர்பார்க்கின்றன: அனுப்புநர் உண்மையானவர் என்பதற்குச் சான்று, ஒரே சொடுக்கில் விலகும் வசதி, குறைந்த புகார் விகிதம். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரை அது பெருந்தொகை அனுப்புநர் என்று கருதுகிறது. வேண்டாத மடல் என்று பெறுநர் குறிக்கும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டலாகாது என்கிறது. சிறிய இதழ் இந்த எண்ணிக்கையை எட்டாது. எனினும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்னும் மூன்று சான்றுகளையும் அமைத்துக்கொள்ளுதல் நலம். முதலாவது, எம் பெயரால் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை என்று அறிவிப்பது. இரண்டாவது, உறையின் அரக்கு முத்திரை போன்றது. வழியில் மடல் மாற்றப்படவில்லை என்று காட்டும். மூன்றாவது, இவ்விரண்டும் பொருந்தாத மடலை என்ன செய்வது என்று பெறுவோர்க்குச் சொல்வது.

தமிழ் கேட்கும் கவனம்

பெரும்பாலான மடல்வரிசைக் கருவிகள் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைந்தவை. தமிழில் எழுதுவோர் மூன்று இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, பெயர். மலேசியத் தமிழர் பெயர் பதிவில் தம் பெயருக்குப் பின் 'அ/லெ' அல்லது 'அ/பெ' என்னும் மலாய்க் குறியும் தந்தை பெயரும் வருகின்றன. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கருதும் கருவி, மகளுக்கு எழுதும் மடலில் தந்தையை விளிக்கும். படிவத்தில் 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று தனியே ஒரு கட்டம் வைத்தால் இது தீரும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. பெயர் வரும் இடத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, அதன்பின் 'க்கு' என்று எழுதிவைத்தால், வள்ளி 'வள்ளிக்கு' ஆவார். கண்ணனோ 'கண்ணன்க்கு' ஆகிவிடுவார். 'கண்ணனுக்கு', 'மாலாவுக்கு' என்று சாரியையும் உடம்படுமெய்யும் இடமறிந்து தோன்றுவதை எளிய கருவி அறியாது. பெயரை உருபேற்காத எழுவாய் வடிவில் தனி வரியில் நிறுத்தி, 'அன்புடையீர், வணக்கம்' என்று அடுத்த வரியில் தொடங்குதல் பிழையற்ற வழி. புணர்ச்சி இலக்கணம் பயில்வது எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு இஃதோர் அருமையான எடுத்துக்காட்டு.

மூன்றாவது, அளவு. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'மின்னஞ்சல்' என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் ஆறு, கணினி எண்ணும் குறிகள் பத்து, பைட்டுகள் முப்பது. ஏறத்தாழ 102 கிலோபைட்டைக் கடக்கும் மடலை ஜிமெயில் நடுவில் வெட்டிக் காட்டுவதால், நீண்ட தமிழ் மடலின் அடியிலுள்ள விலகும் இணைப்பு மறைந்துபோகக் கூடும். தலைப்பு வரியும் கைப்பேசியில் சில சொற்களே தெரியும். தமிழில் வினை இறுதியில் வருவதால், முதன்மையான பெயர்ச்சொல்லை முன்னே வைத்தல் வேண்டும்.

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' போன்ற மென்பொருள்களின் காலத்தில், அனுப்புநரும் பெறுநரும் ஒரே எழுத்துருவை வைத்திராவிடின் மடல் புரியாத குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறி அந்தத் தடையை நீக்கியது. எழுத்து சேர்ந்துவிட்டது, இனி மொழி பிழையின்றிச் சேர வேண்டும்.

அளவறிந்து சீவுதல்

மரம் சீவுவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நாள்தோறும் ஆழமாகச் சீவினால் முதலில் பால் மிகும். பின்னர்ப் பட்டை வறண்டு பாலே நின்றுபோகும். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவும் முறை பரவலாயிற்று. மடலும் அவ்வாறே. வாரம் மூன்று மடல் அனுப்பும் இதழ் முதல் மாதம் சில சந்தாக்களைப் பெறலாம். ஆறாம் மாதம் எவரும் திறவாத நிலையை அடையும்.

திறந்தார், திறக்கவில்லை என்னும் கணக்கையும் முழுதாக நம்பலாகாது. மடலுக்குள் மறைந்திருக்கும் சிறு படம் தரவிறங்குவதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சற் செயலியில் அப்படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் பாதுகாப்பை அளித்த பின்னர், படிக்காதவரும் படித்தவராகத் தோன்றலாயினர். பதில் எழுதினாரா, புதுப்பித்தாரா என்பனவே நம்பத்தக்க அளவுகோல்கள். ஆறு மாதம் எவ்விதக் குறியும் காட்டாதவர்க்கு 'தொடர விருப்பமா?' என்று ஒருமுறை கேட்டு, விடை வராவிடின் நிறுத்திக்கொள்ளுதல் பண்பு.

எம் பிழை ஒன்று

நாம் துணைநின்ற ஒரு சிற்றிதழின் அனுபவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அதன் முதற் சந்தாதாரர்களுள் ஒருவர். அவர் மறைந்த செய்தி நம் அனைவர்க்கும் தெரியும்; சிலர் இறுதிச் சடங்கிற்கும் சென்றிருந்தோம். பட்டியலில் மட்டும் அவர் பெயர் அப்படியே இருந்தது. சந்தா முடிகிறது என்ற நினைவூட்டலும், 'எங்களை மறந்துவிட்டீர்களா?' என்ற கடைசி மடலும் உரிய நாளில் தவறாமல் சென்றன. அவர் துணைவியார் இரண்டே வரியில் பதில் எழுதினார்: "அவர் உங்களை மறக்கவில்லை. இறந்துவிட்டார்." அந்தப் பதில் எவரும் பார்க்காத ஒரு பெட்டிக்குச் சென்றது. இரண்டு மாதம் கழித்தே கண்டோம்.

இயந்திரம் பிழை செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. பழைய முகவராயின் அந்த வீட்டு வாசலில் சந்தாப் புத்தகத்தைத் திறந்திருக்கமாட்டார். அதன்பின் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். பதில் மடல்கள் அனைத்தும் ஒரு மனிதர் நாள்தோறும் பார்க்கும் பெட்டிக்கே வரும். பட்டியலில் எவரையும் எந்த வரிசையிலிருந்தும் உடனே நிறுத்தும் ஒரு குறி இருக்கும். 'மறந்துவிட்டீர்களா' போன்ற உரிமை கொண்டாடும் சொற்கள் இயந்திரத்தின் மடலில் இடம்பெறா. அவை மனிதர் மனிதர்க்கு எழுதத்தக்கவை.

மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கிறோம். உங்கள் பள்ளி மலருக்குச் சந்தாதாரர் இருபது பேர் என்று கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு உறுப்புகளைக் கொண்டு வரிசை ஒன்றை வரையுங்கள். பின்னர் ஒவ்வொரு மடலின் அருகிலும், உங்கள் பாட்டியின் கைப்பேசிக்கு அது வந்தால் அவர் என்ன எண்ணுவார் என்று எழுதுங்கள். எங்கெங்கே அவர் முகம் சுளிப்பாரோ, அங்கெல்லாம் மடலை நீக்குங்கள். எஞ்சியவை போதும், இதழ் அவற்றாலேயே நிலைபெறும்.